தலைமேல் சொம்பு

கூத்தில் ராஜா வேஷம் பூங்காவனத்துக்கு என்று வாத்தியார் அரியமுத்து சொன்னதுமே ஊர்ப் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். பொம்பளைத் தொண்டை தாங்குமா? அடுத்த மாசம் முதல் வெள்ளிக்கிழமை காலையில் வந்து கேட்போம், குரல் உடைந்தால் வேஷம் ஏகாம்பரத்துக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்றிலிருந்து அவள் தொண்டையைப் போட்டுப் பிழிந்தாள். மேல் சுரம் வந்தால் மோவாய் தூக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், குரல் கிழியும். ஒருநாள் துப்பினதில் சிவப்பு தெரிந்தது. காலால் மண்ணைத் தள்ளி மூடினாள்.

வாத்தியார் பார்த்துவிட்டார். தொண்டை ஆறுகிற வரைக்கும் அவளை வாய் திறக்கவே விடவில்லை.

"பாடாம எப்படி வாத்தியாரே மேலே எட்டறது?"

தொண்டை ஆறினதும் அவர் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டு வந்தார். சும்மாட்டுத் துணிகூட இல்லாமல் அவள் தலைமேல் வைத்தார்.

"இப்போ பாடு."

பாடினாள். மேல் சுரத்தில் மோவாய் எழும்பியது. தண்ணீர் முதுகெல்லாம் வழிந்தது.

ஆர்மோனியம் வாசிக்கிற சின்னக்குட்டி கெக்கலித்தான். "ராஜாவுக்குப் பட்டாபிஷேகம் ஆயிடுச்சுடோய்!"

"நீ உன் பொட்டியைப் பாருடா. வாத்தியாரே, ரொப்புங்க."

"நீயே ரொப்பு."

ரொப்பினாள். கொட்டிற்று. மறுபடி ரொப்பினாள். கட்டின சேலை காயவே இல்லை. கழுத்துக்கு அசைய வழியில்லாமல் போகவே, மூச்சு மெல்ல அடிவயிற்றைத் தேடிக்கொண்டு போயிற்று.

சொன்ன வெள்ளிக்கிழமை பெரியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஏகாம்பரம் ஓரமாக நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தான். பூங்காவனம் மரக் கிரீடத்தைத் தலையில் வைத்து நாடாவை எடுத்தாள்.

"கட்டாதே," என்றார் வாத்தியார்.

"ஐயோ, விழுந்துடுமே!"

"விழுந்தா விழட்டும்."

பல்லைக் கடித்துக்கொண்டு போய் நின்றாள். பாட்டு ஏறியது. மேல் சுரம் வந்தது, நின்றது, ஏரிக்கரை வரைக்கும் போனது. கிரீடம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஏகாம்பரம் கனைக்க மறந்துபோனான்.

"வேஷம் இவளுக்கே இருக்கட்டும்பா," என்றார் பெரியவர் ஒருவர்.

அவள் ஓடி வந்தாள். "எட்டிட்டேன் வாத்தியாரே! தொண்டை வலிக்கவே இல்லே. இனிமே எனக்கு என்ன பயம்?"

வாத்தியார் சொம்பை நீட்டினார். ஒரே மூச்சில் குடித்துவிட்டு வெறும் சொம்பைத் திருப்பிக் கொடுத்தாள்.

அவர் வாங்கவில்லை.

"போய் ரொப்பிட்டு வா."