நூறு வருஷத் திட்டமும் சாப்பாட்டுக் கூடமும்

கரிசல்சீமை ராஜா விஜயகண்ட பூபதி நல்லவர்தான். ஆனால் யாராவது "ஆஹா, மகாராஜாவைப் போல உண்டா!" என்று ஆரம்பித்தால் போதும், மனுஷர் அப்படியே உருகிப்போவார்.

அவருடைய சர்வகலாசாலையில் ஊர்ப்பட்ட பிள்ளைகள் படித்தார்கள். அரண்மனை விதூஷகர் பிச்சாண்டியும் தினமும் மத்தியானம் தவறாமல் அங்கே போய்விடுவார். படிக்கவா? நல்ல கதையாக இருக்கிறதே! வளாகத்தின் நட்டநடுவில் சாப்பாட்டுக் கூடம் இருந்தது. அங்கே வைக்கிற வத்தக்குழம்புக்கும் சுட்ட அப்பளத்துக்கும் பிச்சாண்டி சொத்தையே எழுதி வைப்பார்.

ஒருநாள் மந்திரி உலகளந்தார் பெரிய துணிச்சுருள் ஒன்றைச் சபைக்குக் கொண்டுவந்தார். நாலு சேவகர்கள் பிடித்து விரித்ததில் பாதி சபை மறைந்துபோனது.

"மகாராஜா! சர்வகலாசாலைக்கு நூறு வருஷத் திட்டம் போட்டிருக்கிறேன். எந்தக் கட்டடம் எங்கே, எந்த மரம் எங்கே, எது எப்போது, எல்லாம் இதில் இருக்கிறது. வருகிற தையில் முதல் கட்டடம். பேர், 'விஜயகண்ட பூபதி பெருமண்டபம்'!"

ராஜாவின் மீசை துடித்தது. "நூறு வருஷத்தில் முதல் கட்டடமே என் பேரிலா?"

"வேறு யார் பேரில் பிரபு? அதற்கடுத்த தையில் 'உலகளந்தார் வாசகசாலை'. ஏதோ அடியேனும் ஒரு ஓரமாக..."

பிச்சாண்டி துணியை எட்டிப் பார்த்தார். சாப்பாட்டுக் கூடம் இருக்க வேண்டிய இடத்தில் பெருமண்டபம் உட்கார்ந்திருந்தது.

"மந்திரியாரே, சாப்பாட்டுக் கூடம் எங்கே?"

"அதுவா? மலைக்கு அந்தப் பக்கம்."

"சோறு தின்ன மலையேறி இறங்கணுமா? பிள்ளைங்க திரும்பி வர்றதுக்குள்ள மறுபடி பசிக்குமே!"

"நடந்தால் ஜீரணமாகும்" என்றார் உலகளந்தார். "உமக்கு ஓசிச் சாப்பாடு போகிறதே என்று வயிற்றெரிச்சல்."

ராஜா எதையும் காதில் வாங்கவில்லை. தன் பேரையே பார்த்துக்கொண்டிருந்தார். "உத்தரவு! இந்தத் திட்டத்தில் ஒரு புள்ளியைக்கூட நூறு வருஷத்துக்கு மாற்றக் கூடாது. மாற்றச் சொல்கிறவனை நாடு கடத்துவேன்!"

பிச்சாண்டிக்கு அழுகையே வந்துவிட்டது. பாவம், அந்தப் பிள்ளைகள் பட்டினியாகப் பாடம் கேட்குமா? வாயைத் திறந்தால் நாடு போகும், திறக்காவிட்டால் சோறு போகும். புலம்பிக்கொண்டே வீட்டுக்கு நடந்தவர், ராஜாவின் தாத்தா பேரில் இருக்கிற சத்திரத்துக்கு முன்னால் சட்டென்று நின்றார். "அட மடசாம்பிராணிகளா!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார்.

மறுநாள் காலை அவர் சபைக்கு வந்த கோலத்தைப் பார்த்து எல்லாரும் எழுந்துவிட்டார்கள். தோளில் ஈரத்துண்டு. கையில் சங்கு. வாசலில் ஒரு வண்டி நிறையச் சந்தனக்கட்டை.

"ஐயையோ, யார் போய்விட்டார்கள்?" என்று ராஜா பதறினார்.

"இன்னும் யாரும் போகலை மகாராஜா. தைக்குள்ள போகணும். அதான் முன்கூட்டியே ஏற்பாடு."

"யார் போக வேண்டும்?"

பிச்சாண்டி துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார். "அதை என் வாயால எப்படிச் சொல்வேன்! நம்ம சீமை வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? உயிரோட இருக்கிறவங்க பேரை நாம எந்தக் கட்டடத்துக்கும் வைக்கிறதில்லை. ஆள் போய்ச் சேர்ந்து, காரியம் முடிஞ்ச பிறகுதான் வைப்போம். உங்க தாத்தா சத்திரம் அப்படித்தான். இப்போ தையில உங்க பேர்ல மண்டபம். அப்படின்னா மார்கழிக்குள்ள..."

ராஜா விரலை மடக்கி மாதங்களை எண்ணிப் பார்த்தார்.

"கார்த்திகையிலேயே முடிச்சுக்கிட்டாலும் சரிதான். மார்கழியில பனி ஜாஸ்தி. வர்ற ஜனங்களுக்குச் சளி பிடிச்சுக்கும்."

"தையைத் தள்ளிப் போடு!" என்று ராஜா அலறினார்.

"ஒரு புள்ளியைக்கூட மாத்தக் கூடாதுன்னு உத்தரவாச்சே! நான் மாத்தச் சொல்லவே மாட்டேன்." பிச்சாண்டி மந்திரி பக்கம் திரும்பினார். "நீங்க ஒண்ணும் அவசரப்பட வேண்டாம். உங்களுக்கு இன்னும் ஒரு வருஷம் கூடுதலா இருக்கு. ஆசைப்பட்டதைச் சாப்பிட்டுக்கோங்க."

உலகளந்தார் தடவித் தடவி ஒரு தூணைப் பிடித்துக்கொண்டார். நூறு வருஷத்தைப் பார்த்த வேகத்தில் அடுத்த வருஷத்தைப் பார்க்க மறந்துவிட்டார், பாவம்.

"உத்தரவு ரத்து!" என்று ராஜா துணிச்சுருளைக் காலால் உதைத்தார். "சாப்பாட்டுக் கூடம் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். ஒரு செங்கல்லைத் தொட்டாலும் தொலைத்துவிடுவேன்!"

பிச்சாண்டி சங்கை மெல்ல இடுப்பில் செருகினார். அப்போதுதான் ராஜாவுக்கு விளங்கியது.

"அடப்பாவி! எல்லாம் வத்தக்குழம்புக்காகவா?"

"பிள்ளைங்க வயிறும் இருக்கே மகாராஜா."

ராஜா பெருமூச்சு விட்டார். "அது சரி. மண்டபத்துக்கு மந்திரி முன்கூட்டியே கல்லெல்லாம் இறக்கிவிட்டாரே. வீணாய்ப் போகிறதே!"

"ஏன் வீணாகணும்? மலைக்கு அந்தப் பக்கம் கட்டுவோம். தையிலேயே கட்டுவோம். பேரை மட்டும் மாத்திடலாம்."

"யார் பேரை வைக்கச் சொல்கிறாய்?"

"பக்கத்து நாட்டு ராஜா போன மாசம் நம்ம எல்லைக்குள்ள புகுந்து மாடெல்லாம் ஓட்டிக்கிட்டுப் போனாரே, அவருக்கு நாம இன்னும் ஒரு மரியாதையும் செய்யலையே!"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று மந்திரி காலடியில் உருண்டது. கழுத்திலிருந்த முத்துமாலை பிச்சாண்டிக்குப் போனது.