மெல்வினின் அறுபத்து நாலு கோர்

“எனக்கு எட்டு, மெல்வினுக்கு மட்டும் அறுபத்து நாலா மேடம்? இது ஓரவஞ்சனை இல்லாம வேற என்ன?”

கதவைக்கூடத் தட்டாமல் வழிகாட்டியின் அறைக்குள் வந்து தவமணி கேட்டாள்.

தவமணிக்கு நாற்பத்து மூன்று வயது. விருதுநகர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பதினாறு வருஷம் பாடம் எடுத்துவிட்டு, லீவு போட்டு ஆராய்ச்சிக்கு வந்தவள். அவளுடைய வழிகாட்டி ரெஹானாவுக்கு முப்பத்தைந்துதான். அதனால் இருவரும் ஒருவரையொருவர் மேடம் என்றே கூப்பிட்டுக்கொள்வார்கள்.

மெல்வின் பக்கத்து மேசை. இருபத்து நாலு வயதுப் பொடியன்.

புரதப் படிகத்தின் எக்ஸ்ரே படங்களைக் கணினியில் கொடுத்து, உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று கண்டுபிடிப்பதுதான் இருவருக்கும் வேலை. கணினிக்குள் அந்தக் கணக்கைப் போடுகிற மூளைக்குப் பெயர் கோர்; எத்தனை இருக்கிறதோ அத்தனை வேகம்.

தவமணியின் புரதம் நாலு வருஷ உழைப்பு. வெள்ளிக்கிழமைக்குள் அதன் வடிவத்தை அனுப்பாவிட்டால் வெளிநாட்டுக் குழு ஒன்று முந்திக்கொள்ளும். அன்று புதன்.

ரெஹானாவின் முன்னால் ஒரு படிவம் கிடந்தது. புதுக் கணினி கேட்டு நாலு மணிக்குள் போக வேண்டியது. கோர் எத்தனை என்ற கட்டம் மட்டும் காலி.

“நூத்தி இருபத்தெட்டுன்னு போடுங்க மேடம். எனக்குத்தான்னும் எழுதிருங்க.”

“மெல்வின் மெஷின் நல்லா ஓடுதா மேடம்?”

“ஓடுதாவா? பறக்குது! பத்தேகாலுக்குப் பார்த்தேன், அறுபத்து நாலும் ஓடுது. பதினொண்ணுக்கும் அப்படித்தான். பன்னிரண்டரைக்கு ரெண்டு சும்மா இருந்துச்சு, உடனே எந்திரிச்சிருச்சு. சாப்பிடக்கூடப் போகல, பார்த்துக்கிட்டே இருந்தேன்.”

பந்தியில் எதிர் இலை அப்பளத்தை எண்ணுகிற மாதிரி எண்ணியிருக்கிறாள், பாவம்.

“எப்படிப் பார்த்தீங்க?”

“என் மெஷின்லதான். அவனோடது எவ்வளவு ஓடுதுன்னு காட்டுற விண்டோவத் திறந்து வெச்சிருக்கேன்.”

“உங்க எட்டு?”

“அது பாட்டுக்கு ஓடும்.”

ரெஹானா படிவத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள். தவமணியின் மேசைக்குப் போனாள். தவமணியும் பின்னாலேயே போனாள்.

மணி இரண்டரை.

எட்டு கோரில் ஏழு சும்மா கிடந்தன. ஒன்றில் மட்டும் லேசாக ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. மெல்வினின் கணினியை வேடிக்கை பார்க்கிற வேலை அது.

ரெஹானா அந்த விண்டோவைக் கொஞ்சம் நகர்த்தினாள்.

அடியில், காலை பத்து மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கே தவமணியின் கணக்கு நின்றிருந்தது. இதே பெயரில் பழைய ஃபைல் இருக்கிறது, அதன் மேலேயே எழுதலாமா, ஆமா இல்லையா என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தது.

ரெஹானா படிவத்தைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்து, அதன்மேல் பேனாவை வைத்தாள்.

“எத்தனைன்னு நீங்களே எழுதுங்க மேடம்.”

பேனாவைத் தவமணி தொடவில்லை. முதலில் மெல்வினின் கணினியைக் காட்டுகிற விண்டோவை மூடினாள்.