பூட்டில் எழுதியிருந்த பெயர்

மடகாஸ்கர் தீவின் கிழக்குக் கரையில் ஒரு கிறிஸ்தவ வானொலி நிலையம் இருந்தது. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் ஒலிபரப்பு. அங்கே மின்சாரப் பிரிவைக் கவனித்தவர் பாளையங்கோட்டையிலிருந்து வந்த கிளாரிந்தா டீச்சர். பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர், அந்த வேலையை விட்டு இங்கே வந்து ஒன்பது வருடங்கள் ஆகியிருந்தன.

அந்த வருடம் பழைய வயர்களையெல்லாம் மாற்றுவதற்குத் தென் மாவட்டங்களிலிருந்து நான்கு பேர் ஊழியமாக வந்தார்கள். சம்பளம் கிடையாது. அவர்களில் ஒருவர் மார்த்தாண்டத்து ஞானசிகாமணி. இருபது வருடம் வயரிங் வேலை பார்த்தவர். வந்த இரண்டாம் வாரமே, டீச்சரிடம் கற்றுக்கொள்ள இன்னும் நிறைய இருக்கிறது என்று வீட்டுக்குப் போன் செய்து சொன்னார். அதன்பிறகு எந்தச் சந்தேகம் வந்தாலும் டீச்சரிடம்தான் போய் நிற்பார்.

டீச்சர் முதல் நாளே ஒரு விதி சொல்லியிருந்தார். எந்த லைனில் வேலை செய்கிறீர்களோ, அதன் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு உங்கள் பூட்டைப் போடுங்கள். பூட்டில் உங்கள் பெயர் எழுதிய அட்டை தொங்க வேண்டும். பூட்டியவரைத் தவிர வேறு யாரும் திறக்கக் கூடாது.

ஐந்தாம் வாரம் ஒரு மாலை, ஒலிபரப்புக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, டிரான்ஸ்மிட்டர் கட்டடத்தின் மெயினில் ஒரு பூட்டு தொங்கியது. ஃபிடி என்ற உள்ளூர்க்காரருடையது. சிகாமணியோடு தினமும் வேலை செய்தவர், ஏறக்குறைய அவர் வயதுதான். பூட்டைத் திறக்க மறந்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார் என்று சிகாமணி நினைத்தார். வாசலில் நின்று ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தார். பதில் இல்லை. பெரிய கட்டரை எடுத்துவந்து பூட்டை வெட்டி சுவிட்சைப் போட்டார்.

ஃபிடி உள்ளேதான் இருந்தார். கேபிள் பள்ளத்துக்குள் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்.

உயிர் தப்பியது. ஆஸ்பத்திரியில் வலது கையின் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். அவரைத் தூக்கிக்கொண்டு ஓடிய சற்று நேரத்தில் வேறு லைனிலிருந்து மின்சாரம் கொடுத்தார்கள். அன்றைய நிகழ்ச்சி ஒரு நிமிடம்கூடத் தாமதமாகவில்லை.

சிகாமணி மூன்று நாள் உபவாசம் இருந்தார். ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று, நான்தான் செய்தேன் என்று எல்லார் முன்னாலும் அறிக்கையிட்டு அழுதார். கூட வந்தவர்கள் தோளில் கைவைத்து ஜெபித்தார்கள். ஆனாலும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு வாரம் கழித்து டீச்சரைத் தேடிப் போனார். டீச்சர் ஒரு பேனலைத் திறந்து ஸ்க்ரூ முறுக்கிக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் சொல்றாங்க டீச்சர், ஆண்டவர் மன்னிச்சிட்டார்னு. எனக்கு மட்டும் ஏன் நிம்மதி வரலை?"

டீச்சர் அந்த ஸ்க்ரூவை முடித்துவிட்டுத் திரும்பினார்.

"ஃபிடியைப் பாத்தீங்களா?"

"இல்லை."

"வீட்டுக்கு வந்து நாலு நாளாச்சு."

"அவர் பாஷை எனக்குத் தெரியாது. என் பாஷை அவருக்குத் தெரியாது."

"அஞ்சு வாரம் ஒண்ணா வேலை பாத்தீங்க."

சிகாமணி தலையைக் குனிந்துகொண்டார். "முகத்தைப் பாக்கப் பயமா இருக்கு டீச்சர்."

டீச்சர் பேனல் கதவைச் சாத்திவிட்டு ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்தார். ஊரில் தனக்கு ஒரு மாணவன் இருந்ததைச் சொன்னார். பெயர் செல்வின். லேபில் ஒருநாள், மேசையின் மின்சாரத்தை அணைத்துவிட்டதாக டீச்சர் அவனிடம் சொல்லியிருந்தார். உண்மையில் அணைத்திருக்கவில்லை. தீப்பொறி தெறித்து அவனுக்கு இடது கண் போயிற்று.

"வருஷா வருஷம் பெரிய வெள்ளிக்கு அவனுக்காக அழுது ஜெபம் பண்ணுவேன். அவன் வீடு எங்க வீட்டிலிருந்து ரெண்டு பஸ் ஸ்டாப்தான். ஒருநாள்கூடப் போகலை."

"பிறகு?"

"முப்பத்தொரு வயசுல காய்ச்சல்ல இறந்துட்டான். அடக்க ஆராதனைக்குப் போனேன். நீங்க யாருன்னு அவன் அம்மா கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"பாடம் எடுத்தவள்னு சொன்னேன்."

டீச்சர் எழுந்து செருப்பை மாட்டினார். சிகாமணி பின்னால் நடந்தார்.

கடற்கரையோரமாக அரைமணி நேர நடை. ஃபிடி வீட்டு வாசலில் ஒரு பாயில் உட்கார்ந்திருந்தார். கையில் கட்டு. சிகாமணி வழிநெடுக யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை. கைகூப்பி நின்றார். ஃபிடி சற்று நகர்ந்து பாயில் இடம் கொடுத்தார்.

சிகாமணி உட்கார்ந்தார். பிறகு ஃபிடி சிகாமணியின் முகத்தைப் பார்த்து மெதுவாகச் சில வார்த்தைகள் சொன்னார். டீச்சர் அதைத் தமிழில் சொன்னார்.

"நீங்க கூப்பிட்டது அவருக்குக் கேட்டதாம். தமிழ்ல கூப்பிட்டதால உங்க ஆட்கள் யாரையோ தேடுறீங்கன்னு நெனச்சு வேலையைப் பாத்தாராம். பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தா பதில் சொல்லியிருப்பேன்னு சொல்றார்."

சிகாமணிக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அன்று பூட்டில் தொங்கிய, ஃபிடியின் பெயர் எழுதிய அட்டை கட்டருக்கு இடைஞ்சலாக இருந்தது. இடது கையால் அதை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டுதான் பூட்டை வெட்டினார்.

அவர் அழுதார். ஜெபக்கூட்டத்தில் அழுதது போல இல்லை இது, சத்தமே வரவில்லை. ஃபிடி ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போகவும் சொல்லவில்லை. வெயில் தாழும்வரை மூன்று பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

கிளம்பும்போது ஃபிடி டீச்சரிடம் மட்டும் ஏதோ சொன்னார். டீச்சர் தலையசைத்தார்.

திரும்பி வரும் வழியில் பாதி தூரம் வந்ததும் சிகாமணி நின்றார். பிறகு கேட்டார்.

"கடைசியா என்ன சொன்னார் டீச்சர்? மன்னிச்சிட்டேன்னு சொன்னாரா?"

"இல்லை," என்றார் டீச்சர். "அவர் சம்சாரம் விடியக்காலையிலேயே மீன் சந்தைக்குப் போயிடறாங்களாம். ஒத்தைக் கையால அவருக்குக் கிணத்துல தண்ணி இறைக்க முடியலை. நீங்க ஊருக்குப் போற வரைக்கும் காலையில வர முடியுமான்னு கேட்டார்."