மாடிவீட்டு உடற்பயிற்சி

"முட்டி தேய்ந்திருக்கு. குதிக்காத உடற்பயிற்சியா வீட்டிலேயே செய்யுங்க" என்றார் டாக்டர். மாடியில் குடியிருந்த நான் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். ஆசனம் போடக் குனிந்தால், கைக்கு முந்தித் தொப்பை தரையைத் தொட்டது. நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தேன், நாற்காலிக் கால் முறிந்தது. நின்ற இடத்திலேயே நடந்தேன், வீட்டுக்காரர் சிங்காரவேலர் மேலே ஏறி வந்துவிட்டார்.

"கீழே காரை உதிருதுய்யா! சத்தமில்லாம செய், இல்லேன்னா வீட்டைக் காலி பண்ணு. நான் தினமும் தோப்புக்கரணம் போடறேன், பூனை மாதிரி!"

"அந்தப் பக்குவம் எனக்கு வரலீங்க ஐயா. ஒருதடவை போட்டுக் காட்டுங்களேன்" என்றேன் பணிவாக.

வேட்டியை மடித்துக் கட்டி, காதைப் பிடித்து உட்கார்ந்தார். எழும்போது தடுமாறித் தொம்மென்று விழுந்தார்.

கீழேயிருந்து அவர் மனைவி கத்தினார்: "ஏம்ப்பா, அவர் முன்னாலேயே குதிக்கிறியா?"

வீட்டுக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மன்னிச்சுடுங்கம்மா, நான்தான்!" என்றேன்.

காலி பண்ணும் பேச்சு அதோடு நின்றது. கடைசியில் எனக்கு ஒத்துவந்தது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவதுதான். சத்தமே வராது. தினமும் தள்ளுகிறேன். சுவரும் நகரவில்லை, தொப்பையும் நகரவில்லை.