பத்தாயிரத்து ஒன்றாவது இலை

அந்த ஊர் ராஜாவுக்கு எண்கள் என்றால் பைத்தியம். அவருடைய கணக்குப் புலவர் மாசிலாமணி ஒருநாள் சபையில் தொடை தட்டிச் சொன்னார்: “பத்தாயிரத்து ஒன்று யாருக்கும் மசியாத எண். ஒன்றையும் அதையும் விட்டால், வேறு எதனால் வகுத்தாலும் மிச்சம் விழும்!”

வெற்றிலைத் தட்டோடு நின்ற பூவாயி களுக்கென்று சிரித்துவிட்டாள். அரண்மனைப் பந்தியில் இலை போடுகிறவள் அவள்.

“சிரிக்கிறாயா? மிச்சமில்லாமல் வகுத்துக் காட்டு. இல்லாவிட்டால் இன்றோடு உனக்கு இங்கே வேலை இல்லை!” என்று சீறினார் புலவர்.

“எனக்கு வகுக்கத் தெரியாதுங்க ஐயா. போன வாரம் இளவரசி கல்யாணத்துக்கு இலை போட்டேன். பந்திக்கு எழுபத்து மூணு இலை. மொத்தம் நூத்து முப்பத்தேழு பந்தி. ஒரு இலைகூடக் காலியில்லை.”

ராஜா பெருக்கிப் பார்த்தார். சரியாகப் பத்தாயிரத்து ஒன்று வந்தது.

புலவர் துள்ளிக் குதித்தார். “பொய்! வந்தவர்கள், என்னையும் சேர்த்து, பத்தாயிரம் பேர்தான். வாசலில் நின்று எண்ணியவனே நான்!”

“பத்தாயிரம் பேர்தானுங்க,” என்றாள் பூவாயி. “கடைசிப் பந்தியில ஒரு இலை காலியாத்தான் கிடந்துச்சு. முதல் பந்தியில சாப்பிட்ட நீங்கதான், பாயசம் பிரமாதம்னு திரும்ப வந்து அதுல உட்கார்ந்தீங்க!”

ராஜா முதற்கொண்டு சபையே வயிறு குலுங்கச் சிரித்தது. சிரிக்காமல் மிச்சம் நின்றவர் ஒருவர்தான்.