காரியஸ்தர் பெயர் மாட்டிய கிளை

ஜமீன் தோட்டத்தில், காட்டு ரோஜாத் தண்டின்மேல் சிவப்பு ரோஜாவை ஒட்டுக்கட்டிய செடியில், ஒட்டுக்குக் கீழேயிருந்து காட்டுக்கிளை ஒன்று கிளம்பி மளமளவென்று வளர்ந்தது. தோட்டக்காரி இருளாயி அரிவாளை எடுத்தாள்.

"இருக்கிறதிலேயே உசரமான கிளையையா வெட்டுறே? தொட்டா உனக்கு வேலை கிடையாது," என்றார் காரியஸ்தர் வைத்திலிங்கம்.

"விட்டா செவப்பு ரோசாவைத் தின்னுப்புடுமுங்க."

"எனக்கே பாடம் சொல்றியா?"

"அப்ப இம்புட்டு ஒசத்தியான கிளைக்கு உங்க பேரைப் போட்டு ஒரு பலகை மாட்டிரலாமுங்களா?"

காரியஸ்தருக்கு உச்சி குளிர்ந்தது. 'வைத்திலிங்கம் வளர்த்தது' என்று கொட்டை எழுத்தில் எழுதித் தம் கையாலேயே கட்டினார்.

மறுவருஷம் ஜமீன்தார் வந்து பார்த்தார். சிவப்பு ரோஜா பட்டுப்போய், செடி முழுக்கப் பொடிப்பொடியாய் வெள்ளைக் காட்டுப்பூ.

"யார் செய்த வேலை இது?"

காரியஸ்தர் இருளாயியைக் கைகாட்டினார்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க," என்றாள் அவள். "பலகையிலே போட்டிருக்கு. மகாராசாவே வாசிச்சுப் பாருங்க."