பறந்து வந்த போர்டு

உப்பளத்தில் கூலி வேலை பார்க்கும் தங்கப்பொண்ணுவின் தகரக் கூரையைப் புயல் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. இன்சூரன்ஸ் போட்ட வீடுதான். இருபது நாள் அலையவிட்ட பிறகு, மடிப்புக் கலையாத சட்டையோடு இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயர் நவநீதன் சேதத்தைப் பார்க்க வந்து சேர்ந்தார்.

"கூரையைத் தூக்குற அளவுக்குக் காத்தே அடிக்கலம்மா. ஆணி துருப்பிடிச்சு விழுந்திருக்கு. பாலிசி செல்லாது."

"அதை எழுதிக் குடுங்க சார்."

எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். வீட்டைச் சுற்றி வந்தவர் பின்பக்கம் நின்றுவிட்டார். அடுப்புக்கு மேலே கூரையாகக் கிடந்தது அவர் கம்பெனியின் பெரிய தகரப் பெயர்ப் போர்டு.

"எங்க ஆபீஸ் மாடியில எட்டு போல்ட் போட்டு முடுக்கினது இது. திருடினியா?"

"புயலன்னிக்கு உப்புப் பாத்தியில வந்து விழுந்துச்சு. மூணு மைல் காத்துதான் கொண்டாந்துச்சுன்னு நெனச்சேன். காத்தே அடிக்கலன்னு நீங்க எழுதிட்டீங்க. அப்ப நான்தான் ஏணி போட்டுக் கழட்டியிருக்கணும். போலீஸைக் கூப்பிடுங்க, இந்தத் தாளையே காட்டுறேன்."

வேலியோரம் நின்ற சனம் சிரித்தது. நவநீதன் முகம் கறுத்துவிட்டது. போர்டைப் புயல் கொண்டுபோனது என்று தலைமை ஆபீஸுக்கு எழுதியனுப்பியவரே அவர்தான். தாளைப் பிடுங்கிக் கிழித்துவிட்டு, 'கடும் புயலால் சேதம்' என்று புதிதாக எழுதிக் கொடுத்தார்.

"பணம் வர மூணு மாசம் ஆகும். போர்டு கம்பெனிச் சொத்து."

டிரைவரை விட்டு அதை இறக்கி, ஜீப்பில் கட்டிக்கொண்டு போனார்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. தங்கப்பொண்ணு அந்தத் தாளை மடித்துக் காலிச் சோற்றுப் பானைக்குள் வைத்து மூடினாள். அந்த வீட்டில் நனையாத இடம் அது ஒன்றுதான்.